மரத்தை வெட்டித் தன்னையே அழித்துக்கொண்ட தீவா? ராப்பா நூயி: ஓர் எளிய அறிமுகம்

ஈஸ்டர் தீவைப் பற்றிப் பேச்சு எடுத்தால் பெரும்பாலும் ஒரே கதைதான் காதில் விழும். பெரிய பெரிய சிலைகளைச் செய்யும் வெறியில் தீவுக்காரர்கள் இருந்த மரத்தையெல்லாம் வெட்டி உருளைகளாக்கினார்கள். மரம் போனது, மண் போனது, உணவும் போனது. கடைசியில் தங்களுக்குள்ளேயே வெட்டிக்கொண்டு மாண்டார்கள். சுற்றுச்சூழல் பற்றிய கூட்டங்களில் எச்சரிக்கைக் கதையாக இதைச் சொல்லிச் சொல்லி, நடந்தது இதுதான் என்றே பலர் நம்பிவிட்டார்கள். கதையின் ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியே இழுத்துப் பார்த்தால் முக்கியமானவை அறுந்துவிடுகின்றன. அந்த இடங்களில் உண்மையில் என்ன இருக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

முதலில் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 1722 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜேக்கப் ரொகவேன் என்ற டச்சு மாலுமியின் கண்ணில் பட்டதால் ஐரோப்பியர் வைத்த பெயர் ஈஸ்டர் தீவு. அங்கே வாழ்கிறவர்கள் தங்கள் தீவை ராப்பா நூயி என்கிறார்கள். அவர்களுக்கும் அவர்கள் மொழிக்கும் அதே பெயர்தான். சிலைகளின் பெயரைத் தமிழில் சிலர் 'மோவாய்' என்று எழுதுகிறார்கள். நமக்கு மோவாய் என்றால் முகவாய்க்கட்டை. குழப்பம் வேண்டாம் என்பதற்காக இந்தக் கட்டுரை முழுவதும் 'மோஆய்' என்றே எழுதுகிறேன்.

## எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது?

பசிபிக் பெருங்கடலின் தென்கிழக்கில் தன்னந்தனியாக நிற்கும் ஒரு முக்கோணம் இது. மொத்தப் பரப்பு சுமார் 163 சதுர கிலோமீட்டர். மிக நீண்ட பக்கம் 24 கிலோமீட்டர்; திடமான ஆள் ஒருவர் விடிகாலையில் ஒரு மூலையில் நடக்கத் தொடங்கினால் பொழுது சாய்வதற்குள் மறுமூலையைத் தொட்டுவிடலாம்.

தீவு சிறியது, சுற்றியுள்ள வெறுமையோ பெரியது. கிழக்கே சிலி நாட்டின் கரை ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். மேற்கே, மனிதர் வாழும் மிக அருகிலுள்ள தீவான பிட்கேர்ன் 2,000 கிலோமீட்டருக்கு மேல். சிலியின் தலைநகர் சாந்தியாகோவிலிருந்து விமானம் ஏறினால் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கீழே தண்ணீரைத் தவிர வேறெதுவும் தெரியாது.

பாலினேசியா என்ற சொல்லையும் இங்கேயே புரிந்துகொள்வோம். வடக்கே ஹவாய், தென்மேற்கே நியூசிலாந்து, தென்கிழக்கே ராப்பா நூயி ஆகிய மூன்றையும் கோடிட்டு இணைத்தால் கிடைக்கும் மாபெரும் கடல் முக்கோணம்தான் பாலினேசியா. அதற்குள் சிதறிக் கிடக்கும் தீவுகளில் வாழ்வோர் ஒரே மொழிக்குடும்பத்தையும் ஒரே கடலோடி மரபையும் சேர்ந்தவர்கள். அந்த முக்கோணத்தின் கடைக்கோடி மூலை ராப்பா நூயி.

நடுக்கடலில் இப்படியொரு நிலம் எப்படி வந்தது? எரியும் மெழுகுவர்த்திக்கு மேலே ஓர் அட்டையைப் பிடித்து, மெல்ல மெல்ல ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போங்கள். சுடர் நின்ற இடத்திலேயே நிற்கும். அட்டையில் கருகல் புள்ளிகள் வரிசையாக விழும். பூமிக்கு அடியில் இப்படி ஓரிடத்திலேயே நிலைத்து நின்று உருகிய பாறையை மேலே தள்ளிக்கொண்டிருக்கும் இடத்தை 'வெப்பப் புள்ளி' என்பார்கள். அதன் மேலே நாஸ்கா என்னும் நிலத்தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வேகத்தில் கிழக்கே நகர்கிறது. அதனால்தான் ராப்பா நூயியிலிருந்து கிழக்கு நோக்கிக் கடலடியில் ஒரு நீண்ட மலைத்தொடர் மூழ்கிக் கிடக்கிறது.

தீவே மூன்று எரிமலைகள் ஒட்டிப் பிறந்த ஒன்றுதான். கிழக்கு மூலையில் போய்க்கே, தென்மேற்கு மூலையில் ரானோ காவ், வடக்கே தெரெவாக்கா. மூன்றில் இளையது தெரெவாக்கா. 507 மீட்டர் உயரத்தில் தீவின் உச்சியும் அதுவே.

## மழை உண்டு, ஆறு இல்லை

இந்தத் தீவைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு செய்திதான் தெரிய வேண்டும் என்றால், நான் சிலைகளைச் சொல்ல மாட்டேன், தண்ணீரைச் சொல்வேன்.

ஆண்டுக்கு 1,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. நல்ல மழைதான். இருந்தும் தீவில் ஓர் ஆறு கிடையாது. காரணம் பாறை. எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது உள்ளே வாயுக் குமிழிகளும் விரிசல்களும் தங்கிவிடுகின்றன. அப்படிப்பட்ட பாறையில் விழும் மழை, சல்லடையில் ஊற்றிய தண்ணீர் போல நிற்காமல் உள்ளே இறங்கிவிடும். மேலே தேங்குவது மூன்று எரிமலை வாய்களில் மட்டுமே: ரானோ காவ், ரானோ ரராக்கு, ரானோ அரோய். 'ரானோ' என்று தொடங்கும் பெயரைப் பார்த்தாலே அங்கே நீர்நிலை கொண்ட எரிமலை வாய் இருக்கிறது என்று பொருள்.

உள்ளே இறங்கிய தண்ணீர் எங்கே போகிறது? கடல்நீரைவிட நன்னீர் எடை குறைந்தது. எண்ணெய் தண்ணீரின் மேல் மிதப்பது போல, பாறைக்குள் ஊடுருவியிருக்கும் உப்பு நீரின் மேல் இந்த நன்னீர் மிதந்துகொண்டு மெதுவாகக் கரையை நோக்கி நகர்கிறது. கடல் வற்றும் நேரத்தில் கரையோரப் பாறை இடுக்குகளில் ஊற்றாகக் கசிகிறது. உப்பு கலந்த கரிப்புத் தண்ணீர்தான், ஆனால் குடிக்கலாம். தீவு மக்கள் 'கடல் தண்ணீரைக் குடிக்கிறார்கள்' என்று பழைய ஐரோப்பியப் பயணிகள் வியந்து எழுதியதன் பின்னணி இதுதான்.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாலினேசியாவின் வெப்பமான தீவுகளைச் சுற்றி இருப்பது போன்ற பவளத்திட்டு அரண் இங்கே இல்லை. கடல் அதற்குக் குளிர்ச்சி. அரண் இல்லாததால் அலை நேரே பாறையில் மோதும், உப்புத் தூறல் வயல் வரை வரும், ஆழமில்லாத இடத்தில் நின்று மீன் பிடிக்கும் வசதியும் குறைவு. மண் பழையது, மழை அதன் சத்தைக் கரைத்து நெடுங்காலமாகக் கீழே கொண்டுபோய்விட்டது.

இதுவரை பார்த்தது: தொலைவும் சிறுமையும் கொண்ட எரிமலைத் தீவு. மழை பெய்தாலும் பாறை உறிஞ்சிவிடும். நல்ல தண்ணீர் கரையோர ஊற்றுகளிலும் மூன்று ஏரிகளிலும் மட்டும். மண்ணில் சத்து குறைவு, காற்று அதிகம். மனிதர் வருவதற்கு முன்பே இது கடினமான இடம்.

## யார் வந்தார்கள்?

கி.பி. 1200 வாக்கில் மேற்கிலிருந்து பாலினேசியக் கடலோடிகள் வந்திறங்கினார்கள் என்பது இன்று பரவலாக ஏற்கப்படும் கணக்கு. ஹிவா என்ற தாய்நாட்டிலிருந்து ஹோத்து மாத்துஆ என்ற தலைவன் தன் மக்களோடு வந்து வடகரையில் அனகேனா மணற்கரையில் இறங்கினான் என்பது தீவின் வாய்மொழி வரலாறு.

தென் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள்தாம் தீவில் குடியேறினார்கள் என்று ஒரு காலத்தில் வாதிட்டார்கள். அந்த வாதத்துக்கு மொழியே விடை சொல்லிவிடுகிறது. நிலம் என்பதற்கு ராப்பா நூயியில் ஹெனுவா, தாஹித்தியில் ஃபெனுவா, நியூசிலாந்தின் மாவோரியில் வெனுவா, சமோவாவில் ஃபனுவா. 1774இல் கேப்டன் குக் இங்கே வந்தபோது, அவரோடு கப்பலில் இருந்த, தாஹித்தியை அடுத்த தீவுகளைச் சேர்ந்த மஹினே என்ற இளைஞர் இந்த மக்களோடு ஓரளவு பேச முடிந்தது. இடையே நாலாயிரம் கிலோமீட்டர் கடல்!

ஆனால் தென் அமெரிக்கத் தொடர்பே இல்லை என்று சொன்னாலும் தவறு. சர்க்கரைவள்ளிக் கிழங்கு தென் அமெரிக்கப் பயிர். அதுதான் இந்தத் தீவின் முதன்மை உணவு. அதன் பெயர் குமாரா. 2024இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, தீவைச் சேர்ந்த 15 முன்னோரின் எச்சங்களை ஆராய்ந்தது. அவர்களது மரபணுவில் சுமார் பத்தில் ஒரு பங்கு அமெரிக்கப் பழங்குடியினருடையது. அந்தக் கலப்பு 1250க்கும் 1430க்கும் இடையில், அதாவது ஐரோப்பியர் வருவதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே நிகழ்ந்திருக்கிறது. குடியேறியவர்கள் பாலினேசியர்; அவர்களுக்கும் தென் அமெரிக்காவுக்கும் இடையே எப்போதோ ஒரு சந்திப்பு நடந்திருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

## மரங்கள் எங்கே போயின?

தீவில் காடு இருந்தது உண்மை. அது போனதும் உண்மை. ஏரிகளின் அடியில் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும் சேற்றைக் குழாய்விட்டு எடுத்து, எந்த அடுக்கில் எந்தச் செடியின் பூந்தூள் இருக்கிறது என்று பார்ப்பதை மகரந்த ஆய்வு என்பார்கள். அந்தச் சேற்றின் ஆழ அடுக்குகளில் பனைக்குடும்ப மரமொன்றின் மகரந்தம் நிறைய இருக்கிறது. சிலியில் இன்றும் உள்ள பெரும்பனைக்கு நெருங்கிய உறவு அந்த மரம். மேல் அடுக்குகளில் அதைக் காணோம்; புல்லின் மகரந்தம்தான் நிறைய.

தவறு நேர்வது இதற்கான காரணத்தைச் சொல்லும்போது. சிலை உருட்டத்தான் வெட்டினார்கள் என்பதற்கு நேரடிச் சான்று கிடையாது. கண்ணுக்குத் தெரியும் சான்றுகள் வேறு இரண்டைக் காட்டுகின்றன.

ஒன்று, தீ. எந்தப் பாலினேசியத் தீவில் குடியேறினாலும் முதலில் காட்டை எரித்துத் தோட்டம் போடுவது வழக்கம். இன்னொன்று, எலி. குடியேறிகளின் படகுகளில் பசிபிக் எலியும் வந்தது. இந்தத் தீவில் அதற்குப் பகையாகப் பாம்பும் இல்லை, பூனையும் இல்லை. தின்பதற்குக் காடு முழுவதும் பனங்கொட்டை. அகழ்வில் கிடைத்த கொட்டைகளில் எலிப்பல் தடம் பளிச்சென்று தெரிகிறது. நின்ற மரத்தை எலியால் என்ன செய்துவிட முடியும் என்று தோன்றலாம். முதிர்ந்த மரத்தை ஒன்றும் செய்யாதுதான். ஆனால் விதையைத் தின்றுவிட்டால் கன்று முளைக்காது. காய்க்கவே பல பத்தாண்டுகள் எடுத்துக்கொள்ளும் மரம் அது. ஒரு பக்கம் மனிதர் முதிர்ந்த மரங்களை எரிக்க, மறுபக்கம் எலி அடுத்த தலைமுறையைத் தின்ன, காடு இரு முனையிலும் தேய்ந்தது. ஏறத்தாழ நானூறு ஆண்டுகளில் பனை தீவிலிருந்தே மறைந்தது.

இதனால் இழப்பு எதுவும் இல்லை என்று சொல்ல வரவில்லை. பெரிய படகு கட்ட மரம் கிடைக்காமல் போனது, நிலப்பறவைகள் அற்றுப்போயின. ஆனால் காடு அழிந்தால் மக்களும் அழிந்தே தீர வேண்டும் என்பதில்லை. சோறு போட்டது காடு இல்லை, தோட்டம். தோட்டத்தை அவர்கள் எப்படிக் காத்தார்கள் என்பதில்தான் இந்தத் தீவின் உண்மையான அறிவு இருக்கிறது. இதைப் பேசுகிறவர்களோ மிகக் குறைவு.

## கல் மூடாக்கு: வயலில் கல்லைக் கொட்டிய விவசாயிகள்

மூடாக்கு என்றால் தோட்டம் போடுகிறவர்களுக்குத் தெரியும்: செடியைச் சுற்றி வைக்கோலோ சருகோ பரப்பி மண்ணை மூடிவைப்பது. வெயில் நேரே மண்ணில் படாது, ஈரம் காயாது. ராப்பா நூயி மக்கள் இதைக் கல்லால் செய்தார்கள். எரிமலைப் பாறையை உடைத்து, கைப்பிடி அளவுக் கற்களை மண்ணின் மேல் பரப்பினார்கள். சில இடங்களில் மண்ணோடு கலந்தார்கள். இடையிடையே பெருங்கற்களையும் போட்டார்கள். கற்களின் இடுக்கில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு நட்டார்கள்.

வயலில் கல்லைப் பொறுக்கி வெளியே எறிகிற நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் அந்தத் தீவின் ஒவ்வொரு குறைக்கும் இதில் ஒரு மருந்து இருக்கிறது. காற்று பலமாக அடிக்கிறதா? கரடுமுரடான கல் பரப்பு காற்றைத் தரையோடு ஓடவிடாமல் தடுத்து உடைக்கிறது. இலை கிழிவதும் ஈரம் பறிபோவதும் குறைகின்றன. பகலில் கல் வெயிலை வாங்கிக்கொண்டு இரவில் மெல்ல விடுவதால் மண்ணின் வெப்பம் அதிகம் ஏறி இறங்குவதில்லை. மண்ணில் சத்து இல்லையா? புதிதாக உடைத்த பாறையின் முகத்தில் மழை படப்பட, பயிருக்கு வேண்டிய தாதுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மண்ணில் இறங்குகின்றன. பழைய வெளிறிய கல் அவ்வளவு தராது; அதனால்தான் உடைப்பதே வேலையின் முக்கியமான பகுதி.

வாழை, சேப்பங்கிழங்கு போன்று ஈரம் கூடுதலாகக் கேட்கும் பயிர்களுக்கு வேறொரு ஏற்பாடு. 'மனவாய்' என்பது கல்லை அடுக்கி எழுப்பிய வட்டச் சுவர். சில இடங்களில் தரையைத் தாழத் தோண்டியும் அமைத்தார்கள். உள்ளே காற்று புகாது, நிழல் நிற்கும், ஈரம் தங்கும். சிறு கிணற்றுக்குள் வாழைக்கன்று வைத்தது போன்ற தோற்றம்.

எத்தனை பேருக்கு இந்தத் தோட்டங்கள் உணவு கொடுத்திருக்கும்? இங்கேதான் 'வீழ்ச்சிக் கதை' கணக்கில் தடுமாறுகிறது. ஒரு காலத்தில் தீவில் 15,000 பேர் வாழ்ந்தார்கள், ஐரோப்பியர் வந்தபோது வெறும் 3,000 பேரே மிஞ்சியிருந்தார்கள், ஆகவே இடையில் பேரழிவு நடந்தது என்பது அந்தக் கதையின் அடித்தளம். 2024இல் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கல் தோட்டங்களை மறுபடி அளந்தார்கள். முன்பு 4 முதல் 21 சதுர கிலோமீட்டர் வரை என்று மதிப்பிட்டிருந்த பரப்பு ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைவாக, 0.76 என்று வந்தது. மீனையும் மற்ற உணவையும் சேர்த்தாலும் அது ஏறத்தாழ 3,000 பேருக்குத்தான் காணும். அதாவது ரொகவேன் கண்ட மக்கள்தொகை எதிலிருந்தும் சரிந்து வந்ததில்லை. எப்போதும் ஏறத்தாழ அவ்வளவுதான் இருந்திருக்கலாம். மேலே சொன்ன மரபணு ஆய்வும் இதையே சொல்கிறது: 1600களில் மக்கள்தொகை சரிந்ததற்கான தடயமே அவர்களது மரபணுவில் இல்லை. ஏரிச் சேற்றை ஆராய்கிறவர்களில் சிலர், வறட்சிக் காலங்களில் கடும் நெருக்கடி இருந்தது என்று இன்னும் வாதிடுகிறார்கள். அந்த விவாதம் தொடர்கிறது. ஆனால் ஒரே வீழ்ச்சியில் பெரும்பகுதி மக்கள் மடிந்தார்கள் என்ற கூற்றுக்கு இன்று வலுவான ஆதாரம் இல்லை.

சுருக்கமாக: காடு போனது தீயாலும் எலியாலும். மக்கள் கல் மூடாக்காலும் மனவாயாலும் பிழைத்தார்கள். பெருங்கூட்டம் இருந்தால்தானே பெருவீழ்ச்சி. தொடக்கத்திலிருந்தே சிறு கூட்டமாகத்தான் இருந்திருக்கலாம்.

## மோஆய்: என்ன, எப்படிச் செய்தார்கள்?

மோஆய் என்பது காலமான தலைவர்கள், முன்னோர் நினைவாக எழுப்பிய கல்லுரு. தீவு முழுவதும் ஆயிரத்தை ஒட்டிய எண்ணிக்கையில் இருக்கின்றன. அவற்றை நிறுத்திய கல்மேடைக்கு 'ஆஹு' என்று பெயர். பெரும்பாலான மேடைகள் கரையோரம்தான். ஆனால் சிலைகள் கடலைப் பார்ப்பதில்லை, கடலுக்கு முதுகு காட்டி ஊரைப் பார்க்கின்றன. முன்னோர் தம் மக்கள்மேல் கண் வைத்திருக்கிறார்கள் என்பது கருத்து. ஆஹுக்கள் பலவும் கரையோர நன்னீர் ஊற்றுகளின் அருகிலேயே அமைந்திருப்பதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். தண்ணீர் இருந்த இடத்தில் ஊர், ஊர் இருந்த இடத்தில் முன்னோர்.

'தலைச் சிலைகள்' என்று சொல்வதும் தவறு. எல்லாவற்றுக்கும் உடல் உண்டு. படங்களில் அடிக்கடி வரும் அந்தத் தலைகள் ரானோ ரராக்கு மலைச்சரிவில் நிற்பவை. மேலிருந்து வழிந்த மண்ணும் கல்தூளும் கழுத்து வரை மூடிவிட்டன.

சிலைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து இந்த ரானோ ரராக்குவின் கல்லில் பிறந்தவை. எரிமலைச் சாம்பல் இறுகிய கல் அது, கருங்கல்லைவிட மென்மை. 'தோக்கி' என்னும் கருங்கல் உளியால் கொத்தினார்கள். மலைப்பாறையில் மல்லாந்து படுத்திருக்கும் நிலையிலேயே முகம், மார்பு, பக்கங்கள், கைகள் முடிந்துவிடும். முதுகு மட்டும் படகின் அடிமரம் போல ஒரு நீள ஒட்டில் தாய்ப்பாறையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கடைசியில் அந்த ஒட்டைக் கொத்தி விடுவித்து, சரிவில் கீழே இறக்கி, ஒரு குழியில் நிமிர்த்தி நிறுத்தி முதுகைச் செதுக்கி முடிப்பார்கள். எந்தக் கட்டத்திலும் கல்லில் விரிசல் தெரிந்தால் வேலை அங்கேயே நிற்கும். முடிந்தும் முடியாமலும் ஏறத்தாழ 400 சிலைகள் இன்றும் அந்த மலையில் இருக்கின்றன. அவற்றில் ஒன்று 20 மீட்டருக்கு மேல் நீளம். பாறையிலிருந்து பிரிக்கப்படவே இல்லை. ஆஹுவில் ஏறி நின்றவற்றில் மிகப் பெரியதான பாரோ ஏறத்தாழ 10 மீட்டர் உயரம், 80 டன்னுக்கு மேல் எடை.

## சிலை எப்படி நடந்தது?

மோஆய்கள் நடந்து போயின என்றே தீவு மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். வெளியாட்கள் அதை மாயக்கதை என்று ஒதுக்கினார்கள்.

வீட்டில் நிறைந்த பீரோவை இடம் மாற்றும் முறையை நினைத்துப் பாருங்கள். தூக்க முடியாது, தள்ளினாலும் அசையாது. ஒரு பக்கம் லேசாகச் சாய்த்து, எழும்பிய மூலையைக் கொஞ்சம் முன்னே திருப்பி வைப்போம். பிறகு மறுபக்கம் சாய்த்து மற்ற மூலையை முன்னே. இடம், வலம், இடம், வலம் என்று பீரோ தானே நடந்து சுவரோரம் போய்ச் சேரும். மோஆயும் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்கிறார்கள் டெர்ரி ஹன்ட், கார்ல் லிப்போ என்ற இரு தொல்லியலாளர்கள்.

அவர்களை அந்த முடிவுக்குக் கொண்டுபோனவை ஆஹுவில் நிற்கும் சிலைகள் அல்ல. பாதி வழியில் விழுந்து கிடக்கும் சிலைகள். வழியில் கிடப்பவற்றின் அடிப்பாகம் ஆஹுச் சிலைகளைவிட அகலம். முன்விளிம்பு வளைவாக இருக்கிறது. உடல் சற்றே முன்னோக்கிச் சாய்ந்தபடி செதுக்கப்பட்டிருக்கிறது. நிலையாக நிறுத்தி வைக்க இது மோசமான வடிவம், முன்னால் கவிழ்ந்துவிடும். ஆனால் நடக்க வைக்க இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடையாது: பக்கவாட்டில் சாய்த்தவுடன் முன்சாய்வின் காரணமாகச் சிலை தானாகவே ஓர் அடி முன்னே எடுத்து வைக்கும். வளைந்த விளிம்பு அந்த அடியை உருட்டிக் கொடுக்கும்.

இதைச் செய்து பார்த்தார்கள். 4.35 டன் எடையுள்ள மாதிரிச் சிலை ஒன்று. தலையில் மூன்று கயிறுகள். இடப்பக்கம் ஓர் அணி, வலப்பக்கம் ஓர் அணி, பின்னால் ஓர் அணி. மொத்தம் 18 பேர். பக்கத்து அணிகள் மாறி மாறி இழுத்து ஆட்டினார்கள். பின்கயிற்றுக்கு இழுக்கும் வேலை இல்லை. தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் வேலை, முகம் குப்புற விழாமல் பிடித்து நிறுத்துவது. முதல் ஆட்டத்தைக் கொண்டுவருவதுதான் சிரமம். ஆடத் தொடங்கிவிட்டால் தாளம் தவறாமல் இழுத்தால் போதும். நாற்பது நிமிடத்தில் 100 மீட்டர் நடந்தது. உருளை மரம் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

என்ன தவறலாம்? ஆட்டம் மிஞ்சினால் சிலை சரியும். சரிந்த பல டன் கல்லை நிமிர்த்துவது எளிதல்ல. வழியில் கிடப்பவை அப்படித் தவறியவை. இறக்கத்தில் பல முகம் குப்புறவும் ஏற்றத்தில் பல மல்லாந்தும் விழுந்திருக்கின்றன. பழைய சிலைப்பாதைகள் சுமார் 4.5 மீட்டர் அகலத்தில், நடுவில் குழிந்து இருக்கின்றன. அந்தக் குழிவு ஆடும் சிலையைப் பாதை நடுவிலேயே வைத்திருக்க உதவும். ஆஹுவுக்கு வந்து சேர்ந்த பிறகு அடிப்பாகத்தைச் செதுக்கிச் சமன்செய்து நேராக நிறுத்தினார்கள்.

கண் குழியைத் தோண்டியதும் அங்கே வந்த பிறகுதான். வழியில் கிடக்கும் எந்தச் சிலைக்கும் கண் குழி இல்லை. வெள்ளைப் பவளத்தில் கண் செய்து, செங்கல் நிறமுள்ள எரிமலைக் கல்லில் பாவை பதித்து வைப்பார்கள். 1978இல் அனகேனாவில் மணலுக்கு அடியிலிருந்து அப்படியொரு பவளக்கண் கிடைக்கும் வரை, வெறும் குழியோடு நிற்பதுதான் மோஆயின் முகம் என்று உலகம் எண்ணியிருந்தது.

## சிலைகள் ஏன் விழுந்தன?

1722இல் சிலைகள் நின்றுகொண்டிருந்தன. 1774இல் குக் வந்தபோது சில விழுந்து கிடந்தன. நிற்கும் மோஆயைப் பார்த்ததாக 1838க்குப் பிறகு எந்தக் கப்பலும் ஆஹுவிலிருந்து செய்தி கொண்டுவரவில்லை. ஆக, ஆஹுக்களிலிருந்து விழுந்ததெல்லாம் ஐரோப்பியர் வந்த பிறகு, ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில். குலங்களுக்கு இடையே சண்டைகளும் நடந்தன, பழைய நம்பிக்கையின் பிடியும் தளர்ந்தது. ஆண்டுதோறும் மோத்து நூயி என்ற பாறைத்தீவுக்கு நீந்திச் சென்று கடல் ஆலாவின் முதல் முட்டையைக் கொண்டுவரும் போட்டியில் வென்றவரின் தலைவர் அந்த ஆண்டின் 'பறவை மனிதர்' ஆனார்; அந்த வழிபாடு மேலோங்கியது.

தீவெங்கும் கிடக்கும் 'மத்தாஆ' என்ற எரிமலைக் கண்ணாடிச் சில்லுகளை ஈட்டிமுனைகள் என்று சொல்லி, பெரும்போர் நடந்ததற்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். 2016இல் நானூறுக்கு மேற்பட்ட மத்தாஆக்களின் வடிவத்தை அளந்து பார்த்தார்கள். குத்திக் கொல்வதற்கு ஏற்ற கூர்முனை பெரும்பாலானவற்றில் இல்லை. சுரண்ட, வெட்ட, தோட்ட வேலை செய்யத் தோதான கருவிகள் அவை.

## பேரழிவு வந்த ஆண்டு: 1862

ரொகவேனின் ஆட்கள் கரையிறங்கிய முதல் நாளிலேயே பத்து, பன்னிரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அது தொடக்கம் மட்டுமே.

1862 டிசம்பரில் பெருவிலிருந்து ஆள் பிடிக்கும் கப்பல்கள் வந்தன. சில மாதங்களில் 1,400 பேருக்கு மேல் பிடித்தோ ஏமாற்றியோ கொண்டுபோனார்கள். மக்களில் ஏறத்தாழ பாதி. பண்ணைகளிலும் வீடுகளிலும் வேலை வாங்கப்பட்ட அவர்களில் பெரும்பாலோர் நோயிலும் உழைப்பிலும் மாண்டார்கள். வெளியே எதிர்ப்பு கிளம்பியதும் மிச்சமிருந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். வழியிலேயே பலர் இறந்தார்கள். ஊர் வந்து சேர்ந்தவர் ஏறக்குறைய 15 பேர். அவர்களோடு பெரியம்மையும் கரையிறங்கியது. அதை ஒருபோதும் கண்டிராத மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள்.

பிடித்துக்கொண்டு போனவர்களில் தலைவர்களும் அறிஞர்களும் இருந்தார்கள். மரப்பலகைகளில் வரிவரியாகச் செதுக்கிய 'ரொங்கோரொங்கோ' எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர்களும் அவர்களோடு போனார்கள். இன்று உலகத்தின் அருங்காட்சியகங்களில் இருபத்துச் சொச்சம் பலகைகள் எஞ்சியிருக்கின்றன. அவற்றைப் படிக்க ஒருவரும் இல்லை. ஒரு மக்களின் முழு எழுத்து மரபும் ஓரிரு ஆண்டுகளில் வாய்மூடிப் போனதை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

அடுத்து வந்தவர் துத்ரூ போர்னியே என்ற பிரெஞ்சு மாலுமி. தீவை ஆட்டுப்பண்ணை ஆக்கினார். அவரது கொடுமை தாளாமல் பலர் தாஹித்திக்கும் மங்கரேவாவுக்கும் போனார்கள். 1877இல் தீவில் எண்ணிய தலைகள் 111.

மரம் வெட்டியதால் அழிந்தார்கள் என்ற கதையை மறுபடி சொல்ல நேரும்போது இந்த எண்ணை நினைத்துக்கொள்ள வேண்டும். காடு இல்லாத தீவில் கல்லை உடைத்துப் பயிர்செய்து 3,000 பேர் வாழ்ந்தார்கள். அவர்களை 111 ஆக்கியது வெளியிலிருந்து வந்த கப்பல்.

## அதன் பிறகு

1888 செப்டம்பர் 9 அன்று சிலி தீவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. சில ஆண்டுகளில் தீவு முழுவதும் செம்மறிப் பண்ணைக் கம்பெனிக்குக் குத்தகையானது. மக்களை ஹங்கா ரோவா என்ற ஒரே ஊருக்குள் சுவரெழுப்பி அடைத்தார்கள். தங்கள் நிலத்திலேயே அனுமதியில்லாமல் நடக்க முடியாத நிலை. பல்லாயிரம் ஆடுகள் மேய்ந்ததில் எஞ்சிய செடிகொடிகளும் போயின. தீவுக்கே உரிய தொரோமிரோ மரம் 1960இல் காட்டில் இல்லாமலானது. வெளியே கொண்டுபோன விதையில் வளர்த்த மரங்களால்தான் இனம் தப்பியது. இன்று படங்களில் காணும் மொட்டைப் புல்வெளியில் கம்பெனி ஆடுகளின் பங்கும் பெரிது. கம்பெனிக் குத்தகை 1953 வரை, அதன் பின் கடற்படை ஆட்சி. ராப்பா நூயி மக்களுக்கு முழுக் குடியுரிமை கிடைத்தது 1966இல்.

1960இல் சிலியில் வந்த மாபெரும் நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை, தோங்கரிக்கி ஆஹுவின் 15 மோஆய்களை உள்நாட்டுக்கு அடித்துப் போட்டது. 1990களில் ஜப்பானிய கிரேனின் உதவியோடு அவற்றை மறுபடி நிறுத்தினார்கள். இன்று ஆஹுக்களில் நிமிர்ந்து நிற்கும் மோஆய்கள் எல்லாமே இப்படி 20ஆம் நூற்றாண்டில் மீட்டு நிறுத்தியவைதான். 1995 முதல் தீவின் தேசியப் பூங்கா யுனெஸ்கோ மரபுரிமை. 2017 முதல் அதன் நிர்வாகம் தீவு மக்களின் மாவு ஹெனுவா அமைப்பின் கையில். 2017 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 7,750.

தண்ணீர்தான் மீண்டும் கவலையாகியிருக்கிறது. அண்மை ஆண்டுகளில் ரானோ ரராக்கு ஏரி வற்றத் தொடங்கியது. 2022 அக்டோபரில் அங்கே பரவிய தீயில் பல மோஆய்கள் கருகின. கல்லில் விரிசல் கண்டது. 2023 பிப்ரவரியில், வறண்ட ஏரியின் படுகையில் நாணலை மறுபடி வளர்ப்பதற்கான ஆய்வுக்காக இறங்கியவர்கள், அதுவரை யார் பட்டியலிலும் இல்லாத ஒரு மோஆயைக் கண்டார்கள். 1.6 மீட்டர் உயரம். தண்ணீர் நின்றிருந்த இடத்தில், வெடித்த சேற்றின் மேல், வானத்தைப் பார்த்தபடி கிடந்தது.